அக்கரையில் ஒரு வீடு

நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன், தங்கச்சி. டிரைவரைக் கேளுங்கள், அவர் படித்தவர். ஐயோ, அவரும் இறங்கிப் போய் டிராக்டர்க்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். கண்டக்டரும் இறங்கிவிட்டார். சரி, நானே சொல்கிறேன். ஆனால் ஊருக்குப் போய், ராமேஸ்வரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்னைத்தான் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேர் வியாகுலமேரி. வியாகுலம் என்றால் கவலை. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேரை வைத்திருப்பார்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். காலுக்குக் கீழே வைத்தால் நசுங்கிவிடும். உள்ளே குடம் இருக்கிறது.

நீங்கள் கேட்டது என்ன? கடலில் போகிற படகு எதற்கு நடுரோட்டில் போகிறது, அதுதானே? நல்ல கேள்விதான். தர்மபுரிக்காரர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்.

நீங்கள் கடல் என்றால் ஒன்று என்று நினைத்திருப்பீர்கள். இந்த இடத்தில் இரண்டு. இடது பக்க ஜன்னலில் தெரிகிறதே, அது வடகடல். வலது பக்கம் அந்த உடைமரங்களுக்குப் பின்னால் தென்கடல். நடுவில் இந்த ரோடு, ரெயில் தண்டவாளம், நாங்கள். அவ்வளவுதான் தரை. தென்கடலுக்குத்தான் மன்னார் வளைகுடா என்று பேர். எங்கள் கரையில் போர்டு வைத்திருக்கிறார்கள், படம் போட்டு, 'வளைகுடாவைக் காப்போம்' என்று. என் வீட்டுக்காரர் சந்தியாகு அந்தப் போர்டில்தான் வலை காயப்போடுகிறார். அதனால் எனக்கு 'காப்போம்' மட்டும்தான் கண்ணில் படும்.

வளைகுடா என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? கையை இப்படி மடக்குங்கள். முழங்கையை மேலே தூக்கி, கையைக் கீழே தொங்க விடுங்கள். ஆ, அப்படித்தான். இந்த மேல்கை நம்ம தூத்துக்குடிக் கரை. அந்த முன்கை இலங்கை. முழங்கை முட்டு இருக்கிற இடத்தில் நம்ம பஸ் நிற்கிறது. மடிப்புக்குள் இருக்கிற தண்ணீர்தான் வளைகுடா. கீழே தெற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். அதனால் தெற்கேயிருந்து காற்று வந்தால் தண்ணீர் உள்ளே ஏறி வந்துவிடும். வந்த பிறகு போக வழி கிடையாது. வழி இல்லாத கோபத்தை எங்கள் வாசலில் வந்து காட்டும். நான் சொல்வது தப்பாக இருந்தாலும் இருக்கும். ஆனால் கோபம் இருக்கிறது, அதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காகக் கெட்ட கடல் என்று நினைத்துவிடாதீர்கள். அதைப்போல் ஒரு கடல் கிடைக்காது. கரையை ஒட்டி வரிசையாகத் தீவுகள், தீவைச் சுற்றிப் பவளப்பாறை. அலை அங்கே முட்டி, பாதி பலத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் எங்களிடம் வரும். அந்தப் பாறைச் சந்தில்தான் மீன் குஞ்சாக வளர்கிறது. கீழே புல் இருக்கிறது, அதைக் கடல்பசு மேயும். சுனாமி வந்த வருசம் ஊர் ஊராக ஒப்பாரி வைத்தார்கள், எங்கள் வாடி, அதுதான் எங்கள் கரையோரக் குடியிருப்பு, தப்பித்தது. இலங்கை என்கிற அந்த முன்கை குறுக்கே கிடந்ததால் தப்பித்தது. மடிப்பு இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. இதெல்லாம் போர்டில் வலைக்குப் பின்னால் இருக்கிறது.

படகுக்கு வருகிறேன். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று. தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி வந்தால் வாடைக் காற்று. அப்போது வடகடல் பொங்கும், தென்கடல் குளமாகிவிடும். தெற்கை ஆண் கடல் என்பார்கள், வடக்கைப் பெண் கடல் என்பார்கள், சாதுவாம். ஆம்பிளைகள் வைத்த பேர். வாடை மாசத்தில் அந்தப் பெண் ஆடுகிற ஆட்டத்தை அவர்கள் பார்க்கிறதில்லை, அப்போதுதான் வடக்குக் கரைக்காரர்கள் படகை ஏற்றிக்கொண்டு எங்கள் தெற்குப் பக்கம் வந்துவிடுவார்களே. கச்சானில் நாங்கள் அங்கே. வாடையில் அவர்கள் இங்கே. அதற்குத்தான் இந்த டிராக்டர். இப்போது கச்சான் தொடங்கிவிட்டது, அதுதான் இந்த வரிசை. முன்னால் போன வண்டியில் டிராக்டரையும் படகையும் கோக்கிற கொண்டி ஆணி முறிந்துவிட்டது போலிருக்கிறது. பஸ் இப்போதைக்கு நகராது. வாட்டர் பாட்டில் வைத்திருக்கிறீர்களா? வேண்டாம், எனக்கில்லை, உங்களுக்குத்தான் கேட்டேன்.

ஆனால் படகை ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் சும்மா இறக்கிவிட முடியாது. அந்தக் கரையில் உங்களுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். சொந்தக்கார வீடு. வண்டி போய் நின்றதும், அந்த வீட்டுக்குப் பெரியவள் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து படகின் அணியத்தில், அதுதான் முன்மூக்கில், ஊற்ற வேண்டும். ஊற்றினால் அது அந்த வீட்டுப் படகு. ஊரே கைகொடுத்துத் தள்ளும். ஊற்றாவிட்டால் ஒரு பிள்ளை தொடாது. திருப்பி ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அதனால் எங்கள் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் கொடுப்போம், அந்தப் பக்கத்துப் பெண்ணை இந்தப் பக்கம் எடுப்போம். என் மூத்தவள் ரெஜினாவை நான் அதற்காகக் கொடுக்கவில்லை. பையன் நல்ல குணம், அதற்காகத்தான் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வேண்டுமானால் கரையைப் பார்த்திருப்பார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் இருந்திருக்க வேண்டும். ரெஜினா காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். வந்த ஆம்பிளைகள் ஒருத்தரும் வீட்டுக்குள் வரவில்லை, நேராகக் கரைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா மிக்கேல் அண்ணன் கால் பெருவிரலால் மணலைக் குத்திப் பார்க்கிறார்.

"வாடையில தண்ணி எதுவரைக்கும் ஏறும்?"

என் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கிறார். "ஒங்க பக்கம் சேறு முழங்கால் வரைக்கும் வருமாமே? தள்ள ஆள் கெடைக்குமா?"

பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. காபி ஏடு கட்டிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கித்தேரி மட்டும் உள்ளே வந்து, மைனி, அதுதான் மதினி, என்று முறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். என் மகளைப் பார்த்தாள். பிறகு என் அடுப்பைப் பார்த்தாள். மகளைவிட அடுப்பைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"மைனி, இந்த அடுப்ப எதுக்கு இந்தச் சுவத்தோரமா வச்சிருக்கீக? பொகை கண்ணுல அடிக்காது?"

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த முதல் வாடையிலேயே வந்துவிட்டார்கள், படகும், மிக்கேல் அண்ணனும், கித்தேரியும். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அணியத்தில் தண்ணீர் ஊற்றினேன், நிறைய ஊற்றினேன். ஆனால் மறுநாள் நான் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் அடுப்பு எதிர்ச் சுவரில் இருக்கிறது. உப்பு ஜாடி மேல் பலகையில். "பொகை இனிமே வராது மைனி" என்கிறாள் சிரித்துக்கொண்டு. அடுத்தவள் அடுப்பில் கை வைக்கிற துணிச்சல் ஒரு மனுசிக்கு எப்படி வரும்?

நான் அப்படி இல்லை, தங்கச்சி. கச்சானில் அவள் வீட்டுக்குப் போனால் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பேன். அவள் அடுப்பு மட்டும் காற்றுக்கு நேராக இருந்தது. பாவமாக இருந்தது. அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, உதவியாக இருக்கட்டுமே என்று திருப்பி வைத்தேன். அம்மியையும் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு நன்றி? ஒரு வார்த்தை? மூன்று வேளையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறினாள். சிலருக்கு உதவியே பிடிக்காது.

சரி, இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் கருவாடு.

போன வருசத்துக்கு முந்தின வருசம் கச்சானில் நாங்கள் வடக்கே இருந்தோம். நான் பாய் விரித்துச் சூடை மீன் காயப்போட்டேன். எங்கள் பக்கம் அலை எப்போது எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது, அதனால் மேட்டில் தள்ளித்தான் போடுவோம். அந்தப் பழக்கத்தில் மேட்டில் போட்டுவிட்டேன். அங்கே மேட்டில் டிராக்டர் போகிற தடம் இருப்பது எனக்கு என்ன தெரியும்? கித்தேரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிராக்டர் படகோடு வந்தது. சூடை அத்தனையும் தரையோடு தரை. வண்டி போன பிறகு வாயைத் திறந்தாள். "அடடா மைனி, அதுல வண்டி வருமே."

எவ்வளவு கெட்ட மனசு பாருங்கள்.

அடுத்து வாடை வந்தது. அவர்கள் தெற்கே, எங்கள் வீட்டில். கித்தேரி காரல் மீன் காயப்போட்டாள். அவர்கள் கடல் சேற்றுக் கடல், தண்ணீர் மெல்ல வந்து மெல்லப் போகும். அதனால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பாய் விரிப்பது அவர்கள் வழக்கம். எங்கள் கடல் அமைதியாக இருக்கிற நாளிலும் திடீரென்று ஒரு அலை மட்டும் எழுந்து மணலில் ஏறிப் பார்த்துவிட்டுப் போகும். நான் வாசலில் நின்றிருந்தேன். சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். பெரிய மனுசி, அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். மரியாதைக்காகத்தான்.

அலை வந்தது. பாய் மட்டும் மிச்சம். அதுவும் கிழிந்து.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீக?" என்று வந்தாள்.

"நான் கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன், மைனி."

"வாய் எங்க போச்சு?"

"போன கச்சான்ல டிராக்டர் வந்தப்ப ஒங்க வாய் எங்க போச்சோ, அங்கதான் போச்சு."

அவ்வளவுதான். ஈரப் பாயைச் சுருட்டிக் கீழே போட்டாள். "இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சா என் பேரு கித்தேரி இல்ல. நீயும் வடக்க வருவேல்ல? அப்பப் பாக்குறேன், ஒங்க படகுக்கு எவ குடம் எடுக்குறான்னு."

நீ என்றாள், தங்கச்சி. சம்பந்தியைப் பார்த்து, நீ!

வாடை முடியும் முன்னாலேயே படகை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வடகடல் இன்னும் அடங்கவில்லை. மிக்கேல் அண்ணன் தொழிலுக்குப் போகாமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அது அவர்கள் பாடு, எனக்கென்ன என்று இருந்தேன். வைகாசி வருகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

போன வருசத்து வைகாசி வந்தது. காற்று திரும்பியது. எங்கள் தெருவில் ஒவ்வொரு படகாக டிராக்டர் ஏறிப் போகிறது. எங்கள் படகு மட்டும் கரையில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசமாட்டார். திட்டினால்கூடத் தேவலை, பேசாமல் இருக்கிற ஆம்பிளையோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது? மகளுக்கு போன் போட்டேன்.

"அம்மா, அத்தை கொடத்தக் கவுத்து வச்சிருக்காக" என்றாள்.

"எந்தக் கொடத்த?"

"அந்தக் கொடத்தத்தான்."

"நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா கொடத்தோட சேத்து என்னையும் கவுத்துருவாக. அதோட ஒண்ணு, நீங்க படகு போடுற எடத்த வேற ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போறாரு."

அன்றைக்கு மத்தியானமே ஒரு பெரிய அலை வந்து எங்கள் படகைத் தூக்கிப் பக்கத்துக் கல்லில் சாத்தியது. ஓரம் பிளந்தது. ஃபைபர் ஒட்டுப் போட்டார்கள். இன்னொரு அடி தாங்காது என்று ஒட்டுப் போட்டவன் சொல்லிவிட்டான். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு படகுதான், தங்கச்சி. அது போனால் என் வீட்டுக்காரர் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டும். இந்த வயசில், அந்தப் பேசாத வாயை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பார்?

மறுநாள் டிராக்டர் பிடித்தேன். படகுக்குள் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன், மடியில் ஒரு பாய், ஒரு கட்டுக் காரல் கருவாடு.

"நீ எதுக்கு?" என்றார். பத்து நாளில் அதுதான் முதல் பேச்சு.

"நீங்க போனா சும்மா நிப்பீக. நான் வாரேன்."

"மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நான் என்ன அலையவா அனுப்புனேன்? ஒண்ணு சொல்றேன், அங்க என்ன நடந்தாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

அதை அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

இதே ரோட்டில்தான் வந்தோம். நான் உயரத்தில் படகுக்குள், கீழே ஒரு பஸ் நின்றது. இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரியே அதிலிருந்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். விழுந்துவிடுவேனோ என்று செபமாலையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

வடக்குக் கரையில் ஊரே கூடியிருந்தது. விசயம் எல்லோருக்கும் தெரியும், வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கித்தேரி அவள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் குடம், கவிழ்ந்தபடி. டிராக்டரோடு வந்த ஆட்கள் படகை இறக்கி மணலில் வைத்தார்கள். ஊர்த்தலைவர் கேட்டார்.

"கித்தேரி, இது ஒங்க வீட்டுப் படகா?"

"நான் கடலப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

என் வார்த்தையை என்னிடமே!

ஊர்த்தலைவர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். டிராக்டர் தடத்தில் விரித்தேன். காரலை ஒவ்வொன்றாக எடுத்து, வெயில் நன்றாகப் படுகிற மாதிரி அடுக்கினேன். ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு உயிர்மேல் ஆசை அதிகம், அதனால் குதித்து ஓட வசதியாகக் கடைசி ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாசலில் இருந்து பார்த்தால் அது தெரியாது.

டிராக்டர்க்காரன் வண்டியைப் பின்னால் எடுத்தான். பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான், திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. ஊர்க்காரர்கள் படகுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், படகு மறைத்தது. என்னையும் வண்டியையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றது ஒரே ஒருத்திதான்.

சக்கரம் வருகிறது. நான் ஒரு காரலை எடுத்துத் திருப்பிப் போட்டேன். குதித்துவிடலாமா என்று ஒரு காலை மடக்கியும்விட்டேன்.

"மைனி!" என்று ஒரு அலறல். "வண்டி! வண்டி வருது மைனி! எந்திரிங்க!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து ஒரு இழு, பாயைப் பிடித்து ஒரு இழு. காரல் பாதி என் மேல், பாதி அவள் மேல். டிராக்டர்க்காரன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

ஊர்த்தலைவர் மெதுவாக நடந்து வந்தார். "மைனின்னு கூப்புட்டது ஊருக்கே கேட்டுச்சு. அப்பறம் என்ன கித்தேரி, கொடத்த எடு."

அவள் போய்க் குடத்தை நிமிர்த்தினாள். நிரப்பினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். படகுக்குப் போகிற வழியில் நான் நின்றிருந்தேன். பாதிக் குடத்தை என் தலையில் கவிழ்த்தாள். மிச்சத்தைத்தான் அணியத்தில் ஊற்றினாள். பாதி போதுமா என்று யாரோ கேட்டார்கள். தாராளமாகப் போதும் என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் சிரித்தார். அந்த மனுசனுக்குச் சிரிப்பதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

கித்தேரி என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "நீங்க வேணும்னுதான செஞ்சீக?"

"நான் கடலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன், மைனி."

மறுபடியும் நீங்க என்றாள், கவனித்தீர்களா?

அந்தக் கச்சான் முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தோம். நல்ல சோறு, குறை சொல்லக் கூடாது. ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொரு வருசமும் டிராக்டர் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார முடியுமா? ஒரு வருசம் பாட்டுச் சத்தத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால்? ஒரு கரையில் ஒரே வீட்டை நம்பிக்கொண்டு இருப்பது எவ்வளவு ஆபத்து. அதனால் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அக்கம்பக்கம் மெதுவாகப் பார்த்தேன். இரண்டு வீடு தள்ளி ஒரு நல்ல குடும்பம். பையனும் நல்ல குணம். என் சின்னவள் பிளோமிக்குப் பேசி முடித்துவிட்டேன். கித்தேரிக்கு மூச்சுவிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார், யார் யாருக்குக் கல்யாணம் என்று பூசையில் சொல்வார்களே, அது. பிளோமி பேரை வாசித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த ஓலையைப் பிரித்தார். என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேரை வாசிக்கிறார். மாப்பிள்ளை யார் என்று நினைக்கிறீர்கள்? கித்தேரியின் இளைய மகன்!

என்ன சூது பாருங்கள். வாடைக்கு வந்து, என் வீட்டில் உட்கார்ந்து, என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, என் பக்கத்து வீட்டில் சம்பந்தம் பேசியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இனிமேல் என் தயவு வேண்டாமாம், இன்னொரு வீடு வேண்டுமாம். சொந்தச் சம்பந்தியை நம்பாத இவளையெல்லாம் என்ன சொல்வது? எனக்கு அன்றைக்கு நற்கருணை வாங்கக்கூட மனசு வரவில்லை. வாங்கினேன், அது வேறு.

டிரைவர் ஏறிவிட்டார், பாருங்கள். ஆணி மாட்டிவிட்டார்கள் போல. அந்தப் பையைக் கொடுங்கள். குடம் நசுங்கவில்லையே? புதுச் சம்பந்திக்கு. எங்கள் படகு இந்த வாரம் அந்தக் கரைக்குப் போகிறது, அவளும் ஊற்ற வேண்டும், கித்தேரியும் ஊற்றுவேன் என்று நிற்பாள். இரண்டு பேருக்கும் கோபம் வருகிற மாதிரி நான் ஒன்றும் செய்ய மாட்டேன், ஆனால் வந்துவிட்டால் பாதிக் குடம் என் தலைக்குத்தானே? ராமநாதபுரத்துக் கடையில் பெரிய பெரிய குடமாகத்தான் எடுத்துக் காட்டினார்கள். நான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து ஒன்று எடுத்தேன்.